வாசலில் உடைந்த சிலாப்: யார் பொறுப்பு?

கேள்வி: முத்தியால்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் வாய்க்காலை மூடியிருக்கும் சிலாப்தான் பிளாட்பாரம். இரண்டு வருடம் முன்பு பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்தபோது, எங்கள் கொத்தனார் வாசலில் இருந்த ஒரு சிலாப்பை உடைத்து எடுத்துவிட்டு, வேறொன்று வார்த்து வைத்தார். அது கொஞ்ச நாளிலேயே விரிசல் விட்டு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. போன மாதம், நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது அதில் கால் மாட்டி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. அவருடைய மகன் வந்து சிகிச்சைச் செலவைக் கேட்டார். "பிளாட்பாரம் நகராட்சியுடையது, அங்கே போய்க் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நியூயார்க்கில் இருக்கும் என் பையனோ, "வீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதைக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு, கேஸ் போடுவார்கள்" என்கிறான். இங்கே சட்டம் என்ன? நானே சரிசெய்தால் தப்பை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமா? கைக்காசைப் போட்டுச் செய்வதென்றால், எதிர்வீட்டுக்காரர் செய்திருப்பது போல டைல்ஸ் ஒட்டி, சங்கிலி கட்டி, என் காரை அங்கே நிறுத்திக்கொள்ளலாமா? நான் வைத்த புங்க மரத்தின் வேரும் பக்கத்து சிலாப்பைத் தூக்குகிறது.

— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வழக்கறிஞரின் பதில்:

ஐயா, சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் அந்த சிலாப் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது என்று தெரிகிறது. இன்றைக்கே அதை நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும்படி பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். அப்புறம் அதைச் சுற்றிக் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டுங்கள். ராத்திரி முழுக்க வாசல் விளக்கு எரியட்டும். இன்னொருவர் அதில் விழுந்தால், அந்த சிலாப் ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஒருவர் ஏற்கெனவே விழுந்துவிட்டார், அவர் மகன் வந்து உங்களிடம் சொல்லியும் விட்டார்.

இதனால் ஒப்புக்கொண்டதாக ஆகுமா என்று பயப்படாதீர்கள். ஆபத்தை நீக்கியதற்காக எந்த நீதிபதியும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார். தெரிந்தே விட்டுவைத்திருந்தால்தான் கேள்வி வரும்.

சரி, பொறுப்புக்கு வருவோம். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. நடைபாதையைப் பராமரிக்கும் கடமை யாருடையது என்பது ஒன்று. ஒருவர் விழுந்து அடிபட்டால் நஷ்டஈடு யார் தருவது என்பது இன்னொன்று. பல சமயம் இரண்டுக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை.

முதல் கேள்விக்கு உங்கள் கிரயப் பத்திரத்திலேயே பாதி பதில் இருக்கிறது. செக்குபந்தி எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். நான்கு எல்லையில் ஒன்று 'தெரு' என்று இருக்கும். உங்கள் மனை அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் இருக்கும் வாய்க்கால், சிலாப், தார் ரோடு எல்லாம் பொதுச் சொத்து. 1973-ஆம் வருடத்துப் புதுச்சேரி நகராட்சிகள் சட்டத்தின்படி பொதுத் தெருவைக் கவனிக்க வேண்டியது நகராட்சி. பெரிய சாலைகள் சில பொதுப்பணித்துறையின் கையில் இருக்கின்றன. உங்கள் தெரு யார் பொறுப்பில் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வீட்டுக்கு முன்னால் இருக்கும் பிளாட்பாரத்தை வீட்டுக்காரர் தன் செலவில் பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கடமையை நம் சட்டம் சுமத்தவில்லை. பணம் இல்லை என்று நகராட்சி கை விரிக்கவும் முடியாது. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி, சாக்கடை கட்ட நிதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. நிதி இல்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கக் காரணமாகாது என்று 1980-ல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தொடங்கியவர்கள் வாசலில் சாக்கடை ஓடியதைப் பொறுக்க முடியாத சாதாரணத் தெருவாசிகள்.

உங்கள் பையன் சொல்வதும் அவன் இருக்கும் ஊருக்குச் சரிதான். நியூயார்க் நகரத்தில் நடைபாதையைப் போடுவதும் பழுதுபார்ப்பதும் அதை ஒட்டிய சொத்தின் உரிமையாளர் கடமை. 2003 செப்டம்பரிலிருந்து, பழுதான நடைபாதையில் விழுந்தவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பையும் உரிமையாளர் தலையில் வைத்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு விலக்கு உண்டு. ஒன்று முதல் மூன்று குடும்பங்கள் வரை இருக்கும் வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால், அந்த வீட்டை முழுக்கக் குடியிருப்பாக மட்டும் பயன்படுத்தினால், நஷ்டஈட்டுப் பொறுப்பு நகரத்திடமே இருக்கிறது. பழுதுபார்க்கும் கடமை மட்டும் வீட்டுக்காரருக்கு. நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளை அவர்களும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். எப்படியானாலும் அந்தச் சட்டம் முத்தியால்பேட்டைக்கு வராது.

இதுவரை படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த அம்மாவின் மகனிடம் "நகராட்சியைப் போய்க் கேள்" என்று சொன்னீர்களே, அது இந்த சிலாப் விஷயத்தில் சரியான பதில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

நகராட்சி போட்ட சிலாப் நாளாகி உடைந்திருந்தாலோ, குப்பை லாரி ஏறி நொறுங்கியிருந்தாலோ உங்களுக்கு அதில் சம்பந்தமில்லை. இங்கே நடந்தது வேறு. உங்கள் வீட்டு இணைப்புக்காக, உங்கள் ஆள், நன்றாக இருந்த சிலாப்பை எடுத்தார். அவர் வார்த்து வைத்தது தாங்கவில்லை. நாலு பேர் நடக்கும் பொது வழியில் கை வைத்து வேலை செய்பவர், அதை ஆபத்தில்லாமல் திரும்ப மூட வேண்டும். செய்தது கொத்தனார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வீட்டுக்குள்ளே நடக்கும் வேலையில் ஒப்பந்தக்காரர் செய்யும் தப்புக்கு வீட்டுக்காரர் பெரும்பாலும் பொறுப்பாக மாட்டார். பொதுத் தெருவைத் தோண்டும் வேலையில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. கொத்தனாரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. விழுந்தவரை அந்தக் கணக்குக்குள் இழுக்கக் கூடாது.

தெருவை ஒட்டி எதையாவது கட்டி வைத்திருப்பவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1966-லேயே சொல்லிவிட்டது. டெல்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கு அது. பழுது வெளியே தெரியவில்லை, அதனால் எங்களுக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை. அங்கே சிக்கியது மாநகராட்சி. ஆனால் அந்த நியாயம் தெருவை ஒட்டிய சுவர், சன்ஷேட், கேட் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். உங்கள் சிலாப் விரிசல் விட்டது வெளிப்படையாகவே தெரிந்திருக்கிறது. 'கொஞ்ச நாளிலேயே' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பக்கம் சொல்ல ஒரு விஷயம் இருக்கலாம். இணைப்புக்கு விண்ணப்பித்தபோது ரோடு வெட்டுவதற்காக ஏதாவது கட்டணம் கட்டினீர்களா? ரசீதையும் அனுமதிக் கடிதத்தையும் தேடி எடுங்கள். வெட்டிய இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லித் துறை உங்களிடம் பணம் வாங்கியிருந்தால், அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நிபந்தனை உங்கள் மேல் எழுதப்பட்டிருந்தால், அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும். அனுமதியே வாங்காமல் வேலை நடந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எது இருந்தாலும், இரண்டு வருடமாக அந்த சிலாப்பைப் பார்க்காமல் விட்டதற்கு நகராட்சியையும் வழக்கில் ஒரு கட்சியாகச் சேர்க்கலாம். பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் முழுப் பாரத்தையும் அங்கே தள்ளிவிட முடியும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன். அந்த அம்மா பார்த்து நடந்திருக்கலாமே என்ற வாதமும் பெரிதாக உதவாது. சாயங்கால வெளிச்சத்தில், நடப்பதற்கென்றே இருக்கும் இடத்தில்தான் அவர் நடந்தார்.

என் யோசனை இதுதான். அவர்கள் வீட்டுக்கு நீங்களே போங்கள். வயதானவருக்குக் கணுக்கால் எலும்பு முறிவு என்றால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும் விஷயம் இல்லை. நடை திரும்புவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். மருத்துவ பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காப்பீடு எவ்வளவு கொடுத்தது, கையிலிருந்து எவ்வளவு போனது என்று பேசுங்கள். பணம் கொடுப்பதாக முடிவானால் எழுத்தில் கொடுங்கள்: 'பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், உரிமைகளுக்குப் பங்கமில்லாமல்' என்ற வரியோடு ஒரு கடிதம், எதற்காக எவ்வளவு என்ற விவரம், இருவர் கையெழுத்து. உட்கார்ந்து பேச முடியாத அளவுக்கு மனஸ்தாபம் ஆகிவிட்டிருந்தால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் சமரசத்துக்கு மனு கொடுங்கள். அங்கே அந்த அம்மாவுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. இதைச் சொல்வதால் உங்களுக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அடுத்து, நீங்களே சரிசெய்யலாமா? செய்யலாம், நகராட்சி ஆணையருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். 'இந்த எண் வீட்டின் முன், வாய்க்கால் மூடி சிலாப் உடைந்து ஆபத்தாக உள்ளது. தாங்கள் மாற்றித் தர வேண்டும், அல்லது தங்கள் பொறியாளர் சொல்லும் அளவில் என் செலவில் மாற்ற அனுமதி தர வேண்டும்' என்று இரண்டையும் ஒரே மனுவில் கேளுங்கள். நேரில் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள். கவுன்சிலரிடம் சொல்லி முடிக்கலாம் என்றால், 2006-ல் தேர்வான கவுன்சிலர்களின் காலம் 2011-ல் முடிந்ததோடு சரி, இதை எழுதும்வரை புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. அதனால் ஆணையர் அலுவலகத்து முத்திரை உங்களுக்கு முக்கியம்.

வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. நம் ஊரில் நல்லெண்ணத்தோடு செய்த வேலைகளே பிளாட்பாரத்தைக் கெடுத்திருக்கின்றன. சிலாப்புக்கு மேல் கான்கிரீட் கொட்டி ஒரே பாளமாக ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் தூர் வார வரும் தொழிலாளர்கள் அதை எங்கே தூக்குவது? தூர் அப்படியே நிற்கும், தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, புதுச்சேரியில் எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் அடைத்த வாய்க்கால், மழை நின்ற பிறகும் தண்ணீரை விடுவதில்லை. அதனால் சிலாப் தனித்தனியாக, இரண்டு ஆள் தூக்கக்கூடிய அளவில், தூக்குவதற்குப் பிடியோ ஓட்டையோ உள்ளதாக இருக்க வேண்டும். கம்பி கட்டி வார்த்து, நன்றாகத் தண்ணீர் காட்டி இறுகவிட்ட பிறகு வையுங்கள். பக்கத்து சிலாப்போடு சரிமட்டமாக உட்கார வேண்டும். போன முறை சறுக்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன்: வார்த்த மறுநாளே வைத்திருப்பார்கள், அல்லது கம்பியே போட்டிருக்க மாட்டார்கள்.

வழுவழுப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மழை பெய்தால் அதில் நிற்கக்கூட முடியாது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும், தண்ணீர் நிற்காத அளவுக்குத் தெருப்பக்கம் லேசான சரிவு இருக்கட்டும்.

காருக்குச் சாய்தளம் போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் அதையும் ஒரு முறை பாருங்கள். முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு எங்கே நடந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு மேடு, ஒரு பள்ளம். கம்பு ஊன்றி நடப்பவரும், சக்கர நாற்காலியில் போகிறவரும், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவரும் கடைசியில் ரோட்டில் இறங்கி, பின்னால் வரும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல் குடியிருப்புத் தெருவில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், ஓரக்கல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. உங்கள் தெருவில் 1.8 மீட்டர் கிடைப்பது கஷ்டம். இருக்கும் அகலத்தையாவது சாய்தளம் தின்னாமல் பார்த்துக்கொள்ளலாம். சரிவை முடிந்தவரை கேட்டுக்கு உள்ளே, உங்கள் மனையில் கொண்டுவாருங்கள். வீட்டுத்தரை ரொம்ப உயரம் என்றால் பிளாட்பாரத்தைத் தொடாமல் அப்படித்தான் சமாளிக்க வேண்டும்.

சங்கிலி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கட்டாதீர்கள். நீங்கள் செலவு செய்தீர்கள் என்பதற்காக அந்த இடம் உங்களுடையது ஆகாது. பொது வழியில் யாருக்காவது தடையோ ஆபத்தோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 200 ரூபாயாக இருந்தது. அபராதம் போக, தடையை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவரிடம் தெருவாசி யாரும் மனு கொடுக்கலாம். அதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. இங்கே சப் கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கட்டியிருக்கிறாரே என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. அவர் மேல் புகார் கொடுப்பது உங்கள் இஷ்டம். முதலில் ஒரு முறை நேரில் சொல்லிப் பாருங்கள்.

நடைபாதையில் பாதுகாப்பாக நடப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வருவது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நடக்கும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இது கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு. உடைந்த எலும்புகளைச் சேர்த்து வைக்கும் ஒருவர், அவை உடையும் இடத்தைப் பற்றிக் கேட்டு நீதிமன்றம் போனார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சட்டம் வேண்டாம், எங்கள் தெரு வழக்கம் என்ன என்று கேட்டால், அது இன்னும் தெளிவாக இருந்தது. புதுச்சேரியின் பழைய தமிழ்த் தெருக்களில் வீடுகளுக்கு முன்னால் மரத்தூண் வைத்து ஓடு வேய்ந்த தாழ்வாரம் தெருப்பக்கமாக நீட்டியிருக்கும். வீட்டுக்காரர் தன் பணத்தில் கட்டினார். வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிறவர்கள் அதன் கீழே நடந்தார்கள். அதற்கு உள்ளே திண்ணை. அதிலும் வழிப்போக்கர் உட்காரலாம். வைசியாள் வீதியில் சில வீடுகளை அப்படி மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. உங்களுக்கு வசதி இருந்தால் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். வாசலுக்கு வெளியே பணம் போட்டால் அது எப்படி இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான்.

புங்க மரத்தை வெட்டாதீர்கள். நீங்கள் நட்டிருந்தாலும் பொதுத் தெருவில் நிற்பதால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. வேர் தூக்கிய சிலாப்பை எடுத்துவிட்டு, அடிமரத்தைச் சுற்றி மண் தெரிய இடம் விட்டு, சின்ன சிலாப்பாகப் போடச் சொல்லி அதே மனுவில் ஒரு பத்தி சேருங்கள். கிளைகள் மின்கம்பியைத் தொட்டால் மின்துறைக்குத் தனியாக எழுதுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, இந்தப் பக்கம் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த கிளை, சாய்ந்த தண்டு ஏதாவது கண்ணில் பட்டால் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்குள் மனுவைக் கொடுங்கள். சிலாப்பை மாற்றிய பிறகும் போட்டோ எடுத்து, கொத்தனாரின் ரசீதோடு பத்திரப் பையிலேயே வையுங்கள். அந்த அம்மாவின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லாமல் வைத்திருக்காதீர்கள். ரசீது, அனுமதிக் கடிதம், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். நான் இங்கே எழுதியது உங்கள் கடிதத்தில் இருந்ததை வைத்துத்தான். அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து நகராட்சியின் பங்கு கூடலாம், குறையலாம்.